நாற்சந்தியில் பாவிய கல்

“ஊரைக் கட்டி முடிச்சுட்டேன், தாயே. ஒருத்தர்கூடக் குடி வரலை,” என்றார் உலகநாத ஸ்தபதி.

மடத்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“நீங்க குடி போயிட்டீங்களா, ஐயா?”

ஸ்தபதி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

ராஜாவின் முகத்துக்கு நேரே ‘அளவு தப்பு’ என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மடத்தம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் மனசு கலங்கினால் அவர் வந்து நிற்பது இவள் வாசலில்தான். இப்போது வாசல்கூட இல்லை. மடம் இடிந்துபோய், ஏரிக்கரையில் நாலு மூங்கிலும் கொஞ்சம் கீற்றுமாக அவள் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கென்ன அவசரம்?” என்றார் கடைசியில். “வேலைக் கொட்டகையிலயே படுத்துக்கிடுதேன். அவ வந்த பெறகு வீட்டுக்குப் போறேன்.”

“யாரு?”

“வீட்டுக்காரிதான். வேற யாரு?”

கீரையில் இருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஆய்ந்தது.

“அவங்களும் யாராவது வரட்டும்னு இருக்காங்களோ என்னமோ,” என்றாள் மடத்தம்மாள்.

“தேரோட்டத்துக்குள்ள ஊரு நெறையலைன்னா சந்தையை ஆத்துக்கு அந்தப் பக்கம் மாத்திருவேன்னு ராஜா சொல்லிட்டாரு. சந்தை போனா மணிக்கோட்டை போச்சு, தாயே. அப்புறம் அது ஊரில்லை, கல்லுக் குவியல்.”

அவள் ஆய்ந்த கீரையை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

ஸ்தபதி கொஞ்ச நேரம் நின்றார். நிழல் நகர்ந்து வெயில் தலையில் அடித்தது. போய்விட்டார்.



மணிக்கோட்டை எப்படி விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஆடி மாதம், மாடு கறக்கிற நேரம். பூமி ஒரு தரம் உறுமியது. பிறகு ஆடியது. உலை வைத்தவர்கள் உலை கொதிப்பதற்குள் வீட்டை இழந்தார்கள். கோயில் மதில், தேர்முட்டி, கடைத்தெரு, நூற்றாண்டுகளாக நின்ற தூண்வரிசை எல்லாம் ஒரு மூச்சில் போயிற்று.

ஊருக்கு நடுவே நாலு தெருவும் கூடுகிற நாற்சந்தி. அங்கே ஊர்க்கிணறு. கிணற்றை ஒட்டி மணிமண்டபம், ஊரிலேயே உயரமானது. அந்த நேரத்தில் கிணற்றடியில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். பெண்கள் இருப்பார்கள். மணிமண்டபம் அவர்கள் பக்கமாகச் சாய்ந்தது.

ஸ்தபதி அன்றைக்கு ஆற்றுக்கு அப்பால் கல் பார்க்கப் போயிருந்தார். திரும்பி ஓடி வந்தபோது நாற்சந்தியில் ஒரு குன்று கிடந்தது.

மற்றத் தெருக்களில் இறந்தவர்களைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். நாற்சந்திக் குன்றை யானைகளாலும் அசைக்க முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. என்ன செய்வது என்று ஊரே ஸ்தபதியின் முகத்தைப் பார்த்தது. கல் விஷயத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

“அங்க யாரும் இல்லை,” என்றார் ஸ்தபதி.

யாரும் வாய் திறக்கவில்லை.

“சத்தம் கேட்டதும் பொம்பளைங்க ஆத்துப் பக்கமா ஓடியிருப்பாங்க. வழி தப்பி எங்கயாவது இருப்பாங்க. வந்துருவாங்க. மேட்டைச் சமமாக்குங்க. சுண்ணாம்பு கொட்டி இறுக்குங்க. மேல கல்லைப் பாவலாம்.”

அப்படியே செய்தார்கள். மேலே கிடந்த கல் எடுபட்டது. கீழே கிடந்தது கீழேயே கிடந்தது. அதன்மேல் ஸ்தபதி தன் வாழ்நாளின் நல்ல வேலையைச் செய்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எறும்புகூட நுழையாது. அப்படி ஒரு தளம்.

அவருடைய வீட்டுக்காரி ஆவுடையம்மாளும் அன்று காலை குடத்தோடு கிணற்றுக்குப் போனவள்தான்.



ஊரைக் கட்டியதைச் சும்மா சொல்லக்கூடாது. மனுஷன் அப்படிக் கட்டியிருந்தார்.

எந்தக் கடைக்கு எத்தனை படி, எந்த வாசலில் யாளி எந்தப் பக்கம் பார்க்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எண்ணெய்க்கடைத் தூணில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் சாய்ந்து நின்று ஒரு பள்ளம் விழுந்திருந்தது. புதுத் தூணில் அந்தப் பள்ளத்தையும் செதுக்கி வைத்தார். தேய்க்க ஆள் வருவதற்கு முன்பே தேய்ந்துவிட்ட தூண். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இவ்வளவு இருந்தும் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்? மடத்தம்மாள் பிடி கொடுக்காததால் அவரே காரணம் தேடினார்.

ஒருவேளை கடைகள் இருட்டாக இருக்கின்றனவோ? சாளரங்களைப் பெரிதாக்கினார். கிழக்குத் தெருவில் வெட்டிய புதுக் கிணறு தூரமோ? இன்னொன்று வெட்டினார். தண்டோரா போட்டார். விளக்குக்கு எண்ணெய் இலவசம் என்றார்.

ஜனங்கள் வந்தார்கள். தங்கள் தங்கள் வீட்டு நிலையைத் தொட்டுப் பார்த்தார்கள். “அப்படியே இருக்கு சாமி,” என்றார்கள். “கண்ணு பட்டுரும்,” என்றார்கள். பொழுது சாய்ந்ததும் ஒருவர் பின் ஒருவராக ஏரிக்கரைக்கே நழுவினார்கள்.

ஒன்றை அவர் கவனித்தார். நாற்சந்தித் தளத்தின் குறுக்கே யாரும் நடக்கவில்லை. கடை ஓரமாக ஒட்டிக்கொண்டு சுற்றிப் போனார்கள். ஓடப் பார்த்த பிள்ளைகளைத் தாய்மார்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஓரமாகப் போகும்போதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

‘புதுக்கல் அழுக்காகுமேன்னு பாக்குதாங்க. கோயில் மாதிரி நெனைக்காங்க,’ என்று எண்ணிக்கொண்டார் ஸ்தபதி. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பாவம்.



மறுபடி ஏரிக்கரைக்குப் போனார்.

“எல்லாம் செஞ்சு பாத்துட்டேன், தாயே. வாரதில்லைன்னு ஒத்தைக்கால்ல நிக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க.”

“எனக்குப் பசிக்குது, ஐயா,” என்றாள் மடத்தம்மாள்.

“என்ன?”

“உங்க வீட்டுக் கஞ்சி ஒரு வாய் கொண்டு வாங்க. அப்புறம் பேசுவோம்.”

ஸ்தபதி ஆள் அனுப்பினார். அரண்மனை மடப்பள்ளியிலிருந்து கஞ்சி வந்தது. கூடவே நாலு வகைத் தொடுகறியும் வந்தது. மடத்தம்மாள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“இது எந்த அடுப்புல வெந்தது?”

“அரண்மனை அடுப்புல.”

“நான் ஸ்தபதி வீட்டுக் கஞ்சியில்ல கேட்டேன்?”

பானையை எடுத்துப் பக்கத்துக் கொட்டகையில் கொடுத்துவிட்டாள். அங்கே பிள்ளைகள் நிறைய. தொடுகறி நொடியில் காலியாயிற்று.

ஸ்தபதி ஒரு கொத்தனார் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். “என் வீட்டு அடுப்பைப் பத்த வச்சு ஒரு கஞ்சி காய்ச்சி எடுத்துட்டு வாம்மா.”

அவள் அரிசியை வாங்கிக்கொண்டாள். தெருமுனை வரைக்கும் போனாள். அப்படியே திரும்பி வந்து அரிசியை அவர் காலடியில் வைத்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க சாமி. வேற என்ன வேலை வேணும்னாலும் சொல்லுங்க.”

“ஏம்மா, கஞ்சி காய்ச்சத் தெரியாதா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

ஸ்தபதிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு குத்து அரிசியை வேக வைக்க ஊரில் நாதியில்லையா? தானே மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.



கட்டி முடித்த பிறகு தன் வீட்டுக்குள் அவர் நுழைவது அதுதான் முதல் தடவை.

அடுப்பங்கரை ஆவுடையம்மாள் எப்படி வைத்திருப்பாளோ அப்படியே இருந்தது. அவள் குட்டை. அதனால் மாடத்தைத் தாழ வைத்திருந்தார். முன்பு இருந்த வீட்டில் புகை போகவில்லை என்று அவள் காலமெல்லாம் சண்டை பிடிப்பாள். இந்த வீட்டில் புகைபோக்கியைக் கவனமாக வைத்திருந்தார். வந்ததும் பார்த்துவிட்டு என்ன சொல்வாள் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். ‘இப்பவாவது புத்தி வந்துச்சே’ என்றுதான் சொல்வாள்.

சுள்ளியை ஒடித்து அடுக்கினார். சட்டியில் தண்ணீர் ஊற்றினார். அரிசியைக் கழுவிப் போட்டார். சக்கிமுக்கியைத் தட்டினார். பஞ்சில் பொறி விழுந்தது. குனிந்து ஊதினார்.

தீ பிடிக்கிற நேரத்தில் அவர் கையே அதை அமுக்கி அணைத்தது.

உள்ளங்கை பொத்துப்போயிற்று. கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இது யார் கை?

மறுபடி தட்டினார். மறுபடி பொறி விழுந்தது. ஊத வாய் வரவில்லை. பொறி தானே சிவந்து தானே கறுத்தது.

தெரு அமைதியாக இருந்தது. இத்தனை வீடு. ஒரு வீட்டிலும் புகையில்லை. அந்த அமைதி அவருக்குத் தெரிந்த அமைதி. பிறந்ததிலிருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார்.

வெந்தும் வேகாத அரிசிகூட இல்லை, ஊறிய அரிசி. அதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார்.



“அடுப்புப் பத்தலையா, ஐயா?”

“பத்த வைக்கலை.”

“ஏன்?”

“பத்த வைக்கக் கூடாது.”

“யாரு சொன்னா?”

“வழக்கம்.”

“என்ன வழக்கம்?”

ஸ்தபதி ஏரியைப் பார்த்தார்.

“சொல்லுங்க, ஐயா. நான் மடத்துல கெடக்கவ. குடித்தனக்காரங்க வழக்கம் எனக்கென்ன தெரியும்?”

“தெருவுல...” என்று ஆரம்பித்தார். நின்றுவிட்டார்.

“தெருவுல?”

“தெருவுல எடுக்காம கெடக்கும்போது அடுப்பு எரியக் கூடாது.”

“என்னது எடுக்காம?”

அவர் சட்டியைத் தரையில் போட்டார். உடைந்தது. ஊறிய அரிசி மண்ணில் சிதறியது.

“என்னைச் சொல்ல வைக்கப் பாக்குதீங்க! சொல்ல மாட்டேன். அவ ஆத்துப் பக்கம் ஓடியிருக்கா. எங்கயோ இருக்கா. அவளுக்கு வழி தெரியாது. கடைத்தெருவுக்குப் போனாலே எவளையாவது துணைக்குக் கூட்டிட்டுத்தான் போவா. வருவா. வரட்டுமேன்னுதான் அத்தனையும் பழைய மாதிரியே கட்டியிருக்கேன். அடையாளம் தெரியணுமில்ல? வந்து பாத்து, நம்ம ஊரு இல்லையோன்னு திரும்பிப் போயிரக் கூடாதில்ல?”

சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

இதற்காகத்தான் ஊரைக் கட்டினார். ராஜாவுக்காக இல்லை, சந்தைக்காக இல்லை. இது அன்றுவரை அவருக்கே தெரியாது.

மடத்தம்மாள் எழுந்தாள். சிதறிக் கிடந்த அரிசியைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரும் உட்கார்ந்து பொறுக்கினார்.

“எண்ணெய்க்கடை சங்கரலிங்கம் மூணாவது கொட்டகையில இருக்காரு,” என்றாள் மடத்தம்மாள். “அவரை ஒண்ணு கேளுங்க.”

“என்னன்னு கேக்க?”

“ஏன் அழலைன்னு கேளுங்க.”



எண்ணெய்க்கடை சங்கரலிங்கம் ஸ்தபதிக்கு அடுத்த வீட்டுக்காரர். ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு பேரும் நாற்பது வருஷம் குறட்டை விட்டவர்கள். சங்கரலிங்கத்தின் மனைவியும் மருமகளும் அன்று கிணற்றடியில் இருந்தார்கள்.

ஸ்தபதியைக் கண்டதும் எழுந்து துண்டால் பாயைத் தட்டிப் போட்டார்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

ஸ்தபதி உட்காரவில்லை.

“சங்கரலிங்கம், நீ ஏன் அழலை?”

சங்கரலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகம் கோணியது.

“நான் எப்படி அண்ணாச்சி அழ?”

“ஏன்?”

“நம்ம ஊரு முறை உங்களுக்குத் தெரியாதா? ஒரே எடத்துல பல சாவு விழுந்தா மூத்தவங்க வீட்டுலதான மொத அழுகை? அவங்க வாயெடுத்த பெறகுதான மத்த வீடு வாயெடுக்கணும்? அங்க கெடக்கதுல மூத்தது மதினி. எங்க ஆவுடை மதினி.”

ஸ்தபதி பாயில் உட்கார்ந்தார்.

“நீங்க அழலை. அங்க யாரும் இல்லைன்னுட்டீங்க. கல்லையும் பாவிட்டீங்க. நாங்க என்ன செய்ய?”

“அப்பவே சொல்லியிருக்கலாமே. சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமே!”

“எப்படிக் கேக்க? அண்ணாச்சி, உங்க மொகத்தை நீங்க பாக்கலை. நாங்க பாத்தோம். இந்த மனுஷனுக்கு இந்த ஒரு நெனப்புதான் மிச்சம், அதையும் புடுங்க வேண்டாம்னு ஊரு கூடிப் பேசுனோம். உங்களுக்காத் தோணட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கிடுவோம்னு முடிவு பண்ணோம்.”

“ஒரு வருஷமாவா?”

“ஒரு வருஷமா.”

சங்கரலிங்கம் மூக்கைத் துண்டில் துடைத்தார்.

“எம் மருமக அப்ப முழுகாம இருந்தா. தெரியுமில்ல?” என்றார். “எம் பய ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அழுடான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. முறை இல்லையே.”

ஸ்தபதி சுற்றிலும் பார்த்தார். கொட்டகைக்குக் கொட்டகை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒரு வருஷமாக அப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வீடு வீடாகப் படியை அளந்து, தூணை அளந்து, அவர்களுக்கு ஊர் கட்டிக் கொடுப்பதாக நினைத்திருந்தார். அவர்களோ அதற்குள் அவருக்காக ஒரு சுவர் எழுப்பி, அவர் வெளியே எட்டிப் பார்க்காதபடி, ஆளுக்கொரு கையாகத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

“கடப்பாரை இருக்கா?” என்று கேட்டார்.



மறுநாள் காலை தேர் வடம் பிடிக்கிற ஏற்பாட்டைப் பார்க்க அரண்மனை மணியக்காரர் வந்தார். நாற்சந்தியில் ஸ்தபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

மணியக்காரர் ஓரத்திலேயே நின்று கத்தினார்.

“ஸ்தபதியாரே! என்ன காரியம் செய்யுதீங்க?”

“பாத்தா தெரியலையா?”

“நாளைக்குத் தேர் இதுவழியா எப்படிப் போகும்?”

“போகாது.”

“மகாராஜா கேட்டா நான் என்ன சொல்ல?”

“அளவு தப்புன்னு சொல்லுங்க.”

கல் இலகுவில் வரவில்லை. அவர் பாவியதாயிற்றே. எங்கே கடப்பாரையை நுழைத்தாலும் இடுக்கு இல்லை. கடைசியில் நடுக்கல்லைச் சம்மட்டியால் அடித்து உடைத்தார். அந்தச் சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

முதலில் சங்கரலிங்கம் வந்தார். பிறகு அவர் மகன். பிறகு கொத்தனார்கள் வந்தார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் கூடையோடு வந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மணியக்காரரும் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு மேல்துண்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருடைய அக்காளும் அந்தக் கல்லுக்கு அடியில் கிடந்தவர்களில் ஒருத்தி.

தேர் ஓடவில்லை. நாற்சந்தி ஒரு பெரிய குழியாயிற்று. யானைகள் ஒரு வருஷத்துக்கு முன் அசைக்காத கல்லை மனிதர்கள் கயிறு போட்டு, நெம்புகட்டை கொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். மடத்தம்மாளும் வந்து மண் சுமந்தாள்.

நாலைந்து நாள் கழித்துக் கிணற்றின் விளிம்பு தெரிந்தது.

எலும்புதான் இருந்தது. ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. ஓடவும் இல்லை, வழி தப்பவும் இல்லை. கூட்டமாக ஒரே இடத்தில், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். எது யார் என்று அந்த ஆண்டவன் வந்தாலும் சொல்ல முடியாது.

குடங்கள் இருந்தன. எல்லாம் நசுங்கியிருந்தன. ஆனால் பித்தளை மக்காது. பிறந்த வீட்டில் சீராகக் கொடுக்கும்போது குடத்தின் கழுத்தில் பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பது மணிக்கோட்டை வழக்கம்.

ஒவ்வொரு குடமாக மண்ணைத் துடைத்துக் குழியின் விளிம்பில் வரிசையாக வைத்தார்கள். ஜனங்கள் சுற்றி நின்றார்கள். யாரும் தன் வீட்டுக் குடத்தைத் தொடவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி நின்றார்கள்.

ஸ்தபதி குடங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒன்றின் முன்னால் நின்றார். குனிந்து எடுத்தார். பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கட்டைவிரலால் கழுத்தைத் தேய்த்தார்.

ஊர் மூச்சுவிடாமல் நின்றது.

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆண்பிள்ளை ஒப்பாரி படிக்கிற வழக்கம் இல்லை. என்ன சொல்லி அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மடத்தம்மாளைப் பார்த்தார். பச்சைப் பிள்ளை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“என்ன செய்யணும், தாயே?”

“கூப்பிடுங்க, ஐயா.”

“எப்படி?”

“நீங்க எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படி.”

அவர் அவளை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவார். நாற்பது வருஷமும் அதுதான். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் வந்ததில்லை. ‘ஏட்டி’ என்றால் அவள் எங்கிருந்தாலும் வந்து நிற்பாள்.

குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஏட்டி...” என்றார். குழிக்குள் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் நின்றார். பதிலுக்காகத்தான் நின்றாரோ என்னவோ. பிறகு அவர் குரல் உடைந்து தெரு முழுக்கக் கேட்டது. “ஏட்டி ஆவுடை! போயிட்டியாட்டி!”

ஊர் அப்போதுதான் வாயைத் திறந்தது.

சங்கரலிங்கம் மனைவி பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார். அவர் மகன் மண்ணில் விழுந்து பெயரில்லாத ஒரு பிள்ளையையும் சேர்த்துக் கூப்பிட்டான். மணியக்காரர் “அக்கா, அக்கா” என்றார். ஒரு வருஷத்து அழுகை. தெருவுக்குத் தெரு மோதித் திரும்பி வந்தது.

ஸ்தபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது வரிசையில் ஒரே ஒரு குடம் எடுப்பார் இல்லாமல் மிச்சம் இருந்தது. கழுத்தில் ‘வள்ளி’ என்று இருந்தது. பூக்கார வள்ளி. கைம்பெண். அவளுக்கு ஒரே மகள். அந்த மகள் பதினெட்டு வயதில் வீட்டையும் உறவையும் வேண்டாம் என்று துறந்து மடத்துக்குப் போனவள். துறந்தவளுக்கு உறவு கிடையாது, சாவு கிடையாது, தீட்டு கிடையாது. பெற்றவள் வாசலிலேயே ஊரார் வாசலில் நிற்பதுபோல நின்று பிச்சை வாங்கிப் போனவள்.

ஸ்தபதி அந்தக் குடத்தை எடுத்தார். மடத்தம்மாளிடம் கொண்டுபோய் நீட்டினார்.

“நீங்களும் எனக்காகத்தான் காத்திருந்தீங்களா, தாயே?” என்று கேட்டார்.

அவள் கையை நீட்டவில்லை.

“எனக்கு முறையில்லை, ஐயா,” என்றாள்.

“முறைப்படி மொத அழுகை என் வீட்டு அழுகை. நான் சொல்லுதேன்,” என்றார் ஸ்தபதி. “கூப்பிடுங்க.”

ஊரெல்லாம் அம்மா என்று கூப்பிடுகிற மடத்தம்மாள் குடத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்படியே தெருமண்ணில் உட்கார்ந்தாள்.

“அம்மா,” என்றாள்.